எறங்குங்க அம்மணி

அவிநாசி கார் ஸ்டாண்டில் ஆறுச்சாமியின் வெள்ளை அம்பாசிடரை வாடகைக்குப் பேசுகிறவர்கள் டிக்கியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ஒரு மடக்கு நாற்காலியைத்தான். மூட்டை வைக்க இடம் பத்தவில்லை, அதை எடுத்துவிடுங்கள் என்றால் மனிதர் கேட்க மாட்டார். "அது இருக்கட்டுமுங்க. வழியில பஞ்சராச்சுன்னா பெரியவங்க எறங்கி உக்கார வேணுமில்லீங்களா?" என்பார். வண்டியில் ஏறும்போதே பஞ்சரைப் பற்றிப் பேசுகிற டிரைவரை நீங்கள் எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பக்கத்து வண்டிக்காரர் இஸ்மத் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏனுங்க, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா? வந்த கிராக்கியெல்லாம் பஸ் ஏறிப் போயிருமாட்ட இருக்குதே!"

பஞ்சராகிவிட்டாலோ இன்னும் மோசம். கைக்குழந்தைக்காரி, காலில் கட்டுப்போட்டவர், மழை, வெயில், எதுவும் அவரிடம் செல்லாது. எல்லோரும் இறங்கித் தள்ளிப்போய் நின்றால்தான் ஜாக்கியைத் தொடுவார். ஒருமுறை திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், நாலு பேர் எழுந்து கும்பிடுகிற ஆள், பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எறங்குங்க" என்றார் ஆறுச்சாமி. "நீ பாட்டுக்கு மாத்தப்பா" என்றார் அவர். ஆறுச்சாமி ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய்க் கைகட்டி நின்றுகொண்டார். முதலாளி சினிமா விளம்பரம்வரைக்கும் படித்து முடித்தார். மரத்தடியில் நின்றவர் அசைகிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் முதலாளிதான் இறங்கினார். இந்தக் கதையை இஸ்மத் ஸ்டாண்டில் நடித்தே காட்டுவார். "பொணத்தை ஏத்திட்டுப் போனாலும் இந்த மனுசன் எறங்குங்கம்பாரு" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், ஆறுச்சாமியும் கூடச் சிரித்துவைப்பார்.

ஆனால் அதே வாய்தான் ஒரு காலத்தில் இறங்கச் சொல்லத் தெரியாமல் கிடந்தது.

சேவூர்ப் பக்கம் பிறந்தவர். கிணற்றில் தண்ணீர் வற்றியதும் அப்பா தோட்டத்தை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போனார். பிள்ளை லாரி கிளீனராகி, டிரைவராகி, பெண்டாட்டி கருப்பாத்தாளின் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்துவைத்து, ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி ஸ்டாண்டில் போட்டார். வண்டி பழசு, பேச்சு மட்டும் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். எங்கள் ஊரில் தெருநாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். ஆறுச்சாமி அதற்கும் ஒருபடி மேலே. வண்டியில் ஏறியவர் வெற்றிலை துப்பினாலும் "பாத்துங்க, மேல பட்டுறப் போகுது" என்பாரே தவிர, துப்பாதே என்று சொல்ல நாக்கு வராது. கல்யாணம் காட்சி என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். மரியாதை தெரிந்த மனிதர் என்று ஊரெல்லாம் பேர். அந்தப் பேரில் அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஐப்பசியில் ஒரு முகூர்த்தம். ராசாத்தாள் வீட்டுப் பையனுக்குத் தாராபுரத்தில் பெண் எடுத்திருந்தார்கள். கல்யாணமும் அங்கேதான். மாப்பிள்ளை முன்வண்டியில் போய்விட்டான். ஆறுச்சாமியின் வண்டியில் மூன்று பேர். பின்சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தாளும், அவன் தங்கை பூங்கோதையும். முன்சீட்டில் பூங்கோதையின் புருஷன் திருமூர்த்தி. சோமனூரில் விசைத்தறி வைத்திருப்பவர்.

பூங்கோதையின் மடியில் பேழைமூடி இருந்தது. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஒரு பெரிய மரியாதை உண்டு. கூறைச்சேலை வைத்த அந்தக் கூடையை ஏந்திக்கொண்டு அவள் அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் வந்து நிற்காமல் காரியம் நகராது. வண்டி கிளம்பும்போது ராசாத்தாள் மகளிடம் சொன்னது ஆறுச்சாமியின் காதிலும் விழுந்தது.

"பேழையை எடுத்தவ பந்தல்லதான் கால் வெக்கோணும் கண்ணு. வழியில எங்கியும் எறங்கப்படாது."

இது எந்தச் சீரில் இருக்கிறது என்று கல்யாணம் நடத்திவைக்கிற அருமைக்காரரைக் கேட்டிருந்தால் அவரே முழித்திருப்பார். ஆனால் ஒரு வீட்டுப் பெரியம்மாள் சொல்லிவிட்டால் அதுதான் சட்டம். ஆறுச்சாமி, "ஆமாங்கம்மா, அதுதானுங்க முறை" என்று தன் பங்குக்கு ஒத்து ஊதினார். கேட்டார்களா அவரை? இல்லை. சும்மா இருக்க முடியாத வாய்.

கொடுவாய் தாண்டியதும் இடது பக்கப் பின்சக்கரம் போய்விட்டது. விடிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் ரோட்டோரம் ஊறிக் கிடந்தது. ஆறுச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். அவருக்கு இந்த வேலை தண்ணிபட்ட பாடு. அம்பாசிடருக்கு ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான் என்பதால் கியரில் போட்டு நிறுத்தினார். கிளுவை வேலியோரமாகக் கிடந்த கல்லைத் தூக்கிவந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திக்கொண்டார். தூக்கியபிறகு தளர்த்தினால் வண்டி ஆடும். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஈரமண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் வைக்கும் பலகை டிக்கியில் பலகாரத் தகரங்களுக்கு அடியில் மாட்டியிருந்தது. அதற்குப் பதில் ஒரு தட்டைக் கல்லை வைத்தார்.

அடுத்தது இறங்கச் சொல்ல வேண்டும். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியை ஜாக்கியில் ஏற்றக் கூடாது என்பது கிளீனராக இருந்த நாளிலேயே படித்த பாடம். பின்கதவுப் பக்கம் போனார். பட்டுச்சேலை கட்டிய இரண்டு பேரையும், மடியில் இருந்த கூடையையும் பார்த்தார். கீழே சேறு. எப்படிச் சொல்வது என்று தயங்கிவிட்டு, வாயைத் திறந்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. ஒரு நிமிசத்துல மாத்திப்போடறேன்."

அவ்வளவுதான் சொன்னார். இறங்க முடியுமா என்று கேட்கவில்லை. அவர்களும் இறங்க மாட்டோம் என்று சொல்லவில்லை. இவராகவே உட்காரச் சொல்லிவிட்டார்.

திருமூர்த்தி மட்டும் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார். "விடுங்ணா, ரண்டு பேராச் செஞ்சா சீக்கிரம் ஆயிரும்" என்றார். வேண்டாமுங்க என்று ஆறுச்சாமி சொல்லிப்பார்த்தார். கேட்கவில்லை. பழைய சக்கரத்தைக் கழற்றியாயிற்று. ஸ்டெப்னியைத் தூக்கி அச்சுக்கு நேரே நிறுத்தி, திருமூர்த்தி வலதுகையை டயருக்கு அடியில் கொடுத்துத் துளையைப் போல்ட்டோடு பொருத்தப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ராசாத்தாள், "ஏனப்பா, ஆச்சா? நேரமாகுதே" என்று ஜன்னல் பக்கம் சாய்ந்து எட்டிப்பார்த்தார். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. ஈரமண்ணில் தட்டைக் கல் வழுக்கியது. ஜாக்கி சாய்ந்து, வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

திருமூர்த்தி சத்தம்கூடப் போடவில்லை. கையை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்தார். சட்டை முன்பக்கம் சிவந்துகொண்டே வந்தது. ஆறுச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் சுற்றினார். சுற்றிய துண்டும் நனைந்தது. அந்த வழியாக வந்த பால் வேனை மறித்து, தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். வேனில் ஏறும்போதும் அந்த மனுஷன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்து, "நீ வராத. சீர் நிக்கப்படாது. போயி அண்ணன் பக்கத்துல நில்லு" என்றார்.

பிறகு ஆறுச்சாமி தனியாகச் சக்கரத்தை மாட்டினார். நட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது ராசாத்தாளும் பூங்கோதையும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். பேழைமூடி பூங்கோதையின் இடுப்பில் இருந்தது. கால் கீழே பட்டுவிட்டதே என்று யாரும் பேசவில்லை. இறங்கி நிற்பது அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது.

முகூர்த்தம் தவறவில்லை. பூங்கோதை பந்தலில் நின்றாள். கண்ணீர் கொட்டக் கொட்டக் கூடையை ஏந்திக்கொண்டு நின்றாள். விவரம் தெரியாதவர்கள் அண்ணன் கல்யாணத்தில் தங்கைக்கு ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் திருமூர்த்தியின் வலதுகை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஆறுச்சாமியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மண்டபத்து வாசலில் தலைகுனிந்து நின்றவரிடம் ராசாத்தாள், "உன்ற மேல என்ன தப்பப்பா, எல்லாம் கண்ணு பட்டுப்போச்சு. போயி ஒரு வாய் சாப்புடு" என்றார். நாலு வசவு விட்டிருந்தால், சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருந்தால், அழுதாவது தீர்த்திருப்பார். இலையில் உட்கார வைத்து மைசூர்பாகு வைத்தார்கள். விழுங்க முடியாமல் எழுந்து போய்க் குழாயடியில் துப்பினார்.

அடுத்த மாதம் சோமனூருக்குப் பார்க்கப் போனார். ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். தறிக்கூடத்தில் தறிகள் காதைப் பிளந்தன. திருமூர்த்தி ஒரு தறிமேல் குனிந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தறிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு அது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் முடிந்தது வேலை. அவர் கட்டைவிரலோடு மோதிரவிரலைச் சேர்த்துப் பார்த்தார். இழை நழுவியது. இடதுகையால் பார்த்தார். மறுபடி நழுவியது. தலையைத் தூக்கினால் ஆறுச்சாமி நிற்கிறார். உடனே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டுச் சிரித்தார்.

"வாங்ணா, வாங்ணா. அம்மணி, அண்ணன் வந்திருக்காரு, காப்பி கொண்டா."

"தப்பு என்ற மேலதானுங்க" என்று ஆறுச்சாமி ஆரம்பித்தார். வரும்போது பஸ்ஸில் அதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்.

"அட, என்னங்ணா நீங்க! சீர்க்காரியை எறக்க முடியுமுங்களா? நீங்க சொல்லியிருந்தாலும் அவ எறங்கியிருக்க மாட்டாளுங்க. விதி, விடுங்க."

பூங்கோதை காப்பி டம்ளரோடு வாசல்படியில் வந்து நின்றாள். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பியைத் தொடாமல் வந்துவிட்டார்.

ஆனால் திருமூர்த்தி சொன்ன அந்தப் பேச்சைக் கையோடு எடுத்துவந்துவிட்டார். சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்க மாட்டார்கள். கண்ணை மூடினால் ஜாக்கி சாய்வது தெரியும். உடனே இதைச் சொல்லிக்கொள்வார். புருஷன் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துக் கருப்பாத்தாள் என்னவென்று கேட்டால் அவளிடமும் இதையேதான் சொல்வார். சீர்க்காரி எப்படி இறங்குவாள்? பெரியம்மாள் விடுவாரா? கேட்டிருந்தாலும் இல்லையென்றுதானே சொல்லியிருப்பார்கள்? நொண்டிக்குக் கைத்தடி மாதிரி அது அவருக்கு ஒத்தாசையாக இருந்தது. அப்படியும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ராசாத்தாள் வீட்டு வாடகை வந்தால் வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்று பொய் சொல்லி இஸ்மத்தை அனுப்பிவிடுவார். மடக்கு நாற்காலி வாங்கியது அந்தத் தையில்தான். அதற்கப்புறம் எவரையும் வண்டிக்குள் உட்கார வைத்துக்கொண்டு அவர் ஜாக்கி போட்டதில்லை.

வருஷங்கள் ஓடின. தொண்ணூற்றெட்டில் ஒரு வைகாசி நாள், கல்யாண முகூர்த்தம். ஸ்டாண்டு வண்டியெல்லாம் போய்விட்டது. ஆறுச்சாமி மட்டும் பானெட்டைத் திறந்துவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, சோமனூருக்கு வருமுங்களா?"

திரும்பினார். பூங்கோதை. கையில் அர்ச்சனைக் கூடை, பக்கத்தில் அவள் மகள், கோயில் வெயிலில் வாடிப்போய். ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, வண்டி கண்ணெதிரே நிற்கிறது. பின்கதவைத் திறந்துவிட்டார். வழியெல்லாம் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினார். குழந்தைதான் வெயில், தாகம், ஐஸ் என்று பேசிக்கொண்டு வந்தது.

தெக்கலூர் தாண்டிப் பின்பக்கம் ஒரு இழுப்பு. பஞ்சர் என்று ஆறுச்சாமிக்கு ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தார். ஊருக்கெல்லாம் சொல்கிற வார்த்தை இப்போது வாயில் வரவில்லை. அதற்குள் பின்கதவு திறக்கிற சத்தம். பூங்கோதை குழந்தையைக் கூட்டிக்கொண்டு இறங்கி, புளியமரத்தடிக்குப் போய்விட்டாள். யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியைக் கொண்டுபோய் விரித்தார். அவள் குழந்தையை அதில் உட்கார வைத்தாள். அவர் முட்டுக்கல் வைத்தார், பலகையைப் போட்டார், நட்டைத் தளர்த்தினார், ஜாக்கியை ஏற்றினார். சக்கரத்தை மாட்டி, எதிரெதிராக நட்டுகளை முடுக்கி, வண்டியை இறக்கி, மறுபடியும் முடுக்கினார். முடிந்தது. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் ஊன்றிவந்த அந்தக் கைத்தடியை அவள் வாயாலும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள ஆசை.

"அம்மணி, அன்னைக்கு நானு எறங்குங்கன்னு சொல்லியிருந்தாலும்... நீங்க எறங்கியிருக்க மாட்டீங்கல்லங்க?"

பூங்கோதை குழந்தையின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எறங்கியிருப்பனுங்ணா."

துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனரை அவர் கீழே வைத்தார்.

"கதவுப் பிடியில கையை வெச்சுட்டேதானுங்க உக்காந்திருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா, டிரைவரண்ணன் சொல்லிட்டாருன்னு அம்மாகிட்டச் சொல்லீட்டு எறங்கீரலாம்னு. நீங்க வந்து உக்காருங்கன்னு சொல்லிப்போட்டீங்க. நானும் உக்காந்துட்டேன். நானா எறங்கியிருக்கோணும். அம்மா வைவாங்கன்னு பயந்துபோட்டேன். அவர்கிட்ட இதை இன்னும் சொல்லலீங்ணா. அவரு அந்தக் கையில சோறு பிசையறதைப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்காதுங்க."

ஆறுச்சாமி ரோட்டோரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். குழந்தை பயந்துபோய் நாற்காலியைவிட்டு எழுந்து, "நீங்க இதுல உக்காருங்க" என்றது.

சோமனூரில் தெருமுனையிலேயே இறக்கிவிடலாம் என்று வண்டியை மெதுவாக்கியவர், பிறகு வாசல்வரைக்கும் விட்டார். தறிச் சத்தத்துக்குள்ளே போனார். திருமூர்த்தி கொஞ்சம் இளைத்திருந்தார். "அடடா, வாங்ணா! எத்தனை வருசமாச்சு" என்று வாயெல்லாம் பல்லாக வந்தவரிடம் ஆறுச்சாமி நின்றபடியே சொன்னார்.

"நானு அன்னைக்கு எறங்கச் சொல்லலீங்க. அவங்க எறங்க மாட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு, உக்காருங்கன்னு சொல்லிப்போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அம்மணி எறங்கியிருப்பாங்க. உங்க வெரலு என்னாலதானுங்க போச்சு."

பின்னாலேயே வந்து நின்ற பூங்கோதை, "அவர்னால மட்டுமில்லீங்க" என்றாள்.

திருமூர்த்தி பெண்டாட்டியைப் பார்த்தார், ஆறுச்சாமியைப் பார்த்தார். விடுங்ணா, விதி என்று எப்போதும் வருகிற பதில் வாய்வரைக்கும் வந்தது போலிருந்தது. அதைச் சொல்லவில்லை. போய்ப் பக்கத்துத் தறியை நிறுத்தினார். அடுத்ததையும் நிறுத்தினார். கூடம் அமைதியானது. மூன்று விரல் கையை, இந்த முறை ஒளிக்காமல், தறிக்கட்டைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாமுங்ணா" என்றார். "ரண்டு பேருல ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாம்."

இத்தனை வருஷத்தில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆறுச்சாமி கைகூப்பினார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை, திருமூர்த்தியும் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பூங்கோதை காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கச் சொல்லவில்லை. ஆறுச்சாமி தானாகவே எடுத்து, ஏடு படிந்த அந்தக் காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.